எல்லைக்குக் கீழே பூஜ்ஜியம்

நாமக்கல்லில் நிலத்தடி நீரை ஆராயும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஓரிடத்தில் புதிதாகப் போர் போட்டுத் தொடர்ந்து இறைத்தால், பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்வோம். அதற்கான கணினி நிரலை எழுதியவள் நான்தான்.

அந்த நிரலின் நடுவில் கிணற்றுச் சார்பு என்ற கணிதச் சார்பு ஒன்று உண்டு. தூரம், பாறையின் தன்மை, இறைக்கும் நாட்கள் எல்லாம் ஒரே எண்ணாகி அதற்குள் போகும். நாள் ஆக ஆக அந்த எண் சிறுத்துக்கொண்டே வரும், விடை பெரிதாகிக்கொண்டே போகும். மிகச் சிறிய எண்களுக்கு அது சரியாக வருகிறதா என்று நான் சோதிக்கவில்லை. ஓர் எல்லை வைத்து, அதற்குக் கீழே போனால் பூஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதிவிட்டேன். நிரல் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் அன்றைக்கு என் கவலை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவள், அப்படியே மறந்துபோனேன்.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போர் போட இருந்தார்கள். வேலியை ஒட்டி ஓர் அம்மாவின் கிணறு. தனியாக இருந்தவர். இரண்டு எருமைகளும் கொஞ்சம் குச்சிக்கிழங்கும் அந்தத் தண்ணீரில்தான் பிழைத்தன. ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டேன். பூஜ்ஜியம் என்று வந்தது.

"அம்முணி, நம்ம கெணத்துக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதுங்கம்மா. கணக்குல பூஜ்ஜியம்னு வந்திருக்கு."

அவர் முகம் தெளிந்தது. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

மறு வருடம் வேறொரு வேலைக்காக, மாதாமாதம் மட்டம் எப்படி இறங்குகிறது என்று கோடு வரைந்து பார்த்தேன். இறங்கிக்கொண்டே வந்த கோடு எட்டாவது மாதத்தில் ஒரே தாவலில் பூஜ்ஜியத்துக்கு ஏறி நின்றது, போன தண்ணீரெல்லாம் திரும்பிவந்துவிட்ட மாதிரி. நான் வைத்துவிட்டு மறந்த எல்லை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெண்ணந்தூர்க் கோப்பைத் திறந்து சரியான சூத்திரத்தில் போட்டேன். ஒரு மாதத்தில் பதினெட்டு அடி, ஒரு வருடத்தில் இருபத்திரண்டு. அந்தக் கிணற்றில் இருந்ததே இருபது அடித் தண்ணீர்.

மத்தியானமே பஸ் பிடித்துப் போனேன். கிணற்றின் அடியில் பாறை வெயிலில் மின்னியது. கட்டுத்தறி காலியாக இருந்தது. மழை பொய்த்ததால் வற்றிவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். நான் பேசாமல் திரும்பியிருந்தால் கடைசிவரை அப்படியே நினைத்திருப்பார். தப்பு என் கணக்கில் என்று சொன்னேன். அந்த எண்ணுக்கு விடை எனக்கே தெரியாது, தெரியாத இடத்தில்தான் பூஜ்ஜியம் போட்டு வைத்தேன் என்றும் சொன்னேன்.

அவர் மெதுவாக, "தெரியலீன்னு சொல்லியிருக்கலாமே அம்முணி" என்றார்.

பண்ணைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் அந்த அம்மாவின் வீட்டுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தார். குடிக்கவும் குளிக்கவும் அது போதும். குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் பாயாது. அன்றிரவே நிரலைத் திருத்தினேன். இப்போது எல்லைக்கு வெளியே போனால் 'விடை தெரியாது' என்று எழுதிவிட்டு நின்றுவிடும்.

பழைய அறிக்கைகளைத் தேடியதில் இன்னும் மூன்று பூஜ்ஜியங்கள் கிடைத்தன. இரண்டு இடங்களில் போரே போடவில்லை என்றார்கள். மூன்றாவது ஜலகண்டாபுரத்துப் பக்கம். அறிக்கையில் இருந்த கிணற்றுக்காரரின் போன் எண் உபயோகத்தில் இல்லை. நேரில் போனேன். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார்கள், ஏன் போனார்கள் என்று தெரியாது என்றார் எதிர்வீட்டுக்காரர். வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தது. பத்தடி நடந்தால் எட்டிப் பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. அந்த ஊர்ப் பெயர் போட்ட பஸ்ஸைப் பார்த்தால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.