பலகையிலிருந்து உரித்தெடுத்த ஏரி

"ஒவ்வொரு தையலையும் இவங்கதான் போட்டாங்கன்னு நீ சொல்ல முடியுமாம்மா? உன் கண்ணால பாத்தியா?"

2005 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு தேர்வாளர் என்னிடம் இப்படிக் கேட்டார். பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். "எல்லாத்தையும் பாக்கல சார்" என்றேன். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வரியால் ரிஃபானாக்காவுக்கு என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் அவர்கள் குடும்பம் இருக்கிறது. அக்காவின் அத்தா அமானுல்லா பாய், மார்க்கெட் பக்கம் லைனிங் துணி, நூல், பட்டன் விற்கும் கடை வைத்திருக்கிறார். 2002ஆம் வருஷம் கடைக்குள் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வந்து இறங்கியது. வெளியே புதுப் பலகையும் மாட்டினார்கள். ஊசி தானாக ஓடி மயில் போடுவதைப் பார்க்க எங்கள் தெருவே போய் நின்றது. அக்கா மட்டும் போகவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பிலிருந்தே கையால் பூ போடும் பழக்கம்.

பாய் சும்மா இருக்க மாட்டார். "இன்னாம்மா, ஒரு ரோஜாவுக்கு மூணு நாளா? நாஸ்தா துன்னுட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடும் நம்ம மெஷின்."

"மெஷினு நாஸ்தா எல்லாம் துன்னுமா அத்தா?"

"துன்றது நானு. தைக்கிறது அது. நீ பேச்ச மாத்தாத."

மாமல்லபுரத்துக்கு வடக்கே, பட்டிப்புலம் பக்கம் சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு சின்ன தனியார் ஓவியப் பள்ளி இருந்தது. அரசாங்கக் கல்லூரி இல்லை. ஷீட் கூரை போட்ட நாலு கூடம், மூன்று வருஷப் படிப்பு, அவ்வளவுதான். அக்கா அங்கே சேர்ந்தாள். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், மாமல்லபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். முதல் இரண்டு வருஷம் எல்லோரையும் போல பென்சில், வாட்டர் கலர், ஆயில் என்று படித்தாள். மூன்றாம் வருஷம் ஒரு பெரிய படைப்பு தர வேண்டும், அதற்குத்தான் கடைசி மார்க். அதை நூலால் செய்யலாமா என்று ஞானம்பாள் மிஸ்ஸிடம் கேட்டாள். மிஸ், "கலர் ட்யூப்ல இருந்து வந்தா இன்னா, நூல்கண்டுல இருந்து வந்தா இன்னா, செய்யி" என்று சொல்லிவிட்டார்.

அக்கா எடுத்துக்கொண்டது கொளவாய் ஏரி. ரயில் போகும்போது ஜன்னலில் தெரிகிற மாதிரி, முக்கால்வாசி தண்ணீர். கரையில் கொஞ்சம் கோரை. கல்லின் மேல் யாரோ காயப் போட்ட ஒரு சிவப்புப் புடவை. துணி மூன்றடிக்கு இரண்டடி. தண்ணீருக்கு மட்டும் எட்டு நீலம். ஆறு இழை சேர்ந்த நூலைப் பிரித்து, ஒரே ஓர் இழையை ஊசியில் கோத்து, அரிசி நீளத்துக்கு ஒரு தையல். அப்படியே ஏழு மாதம். நான் ப்ளஸ் டூ பாடத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன், படிக்க மாட்டேன், அவள் தைப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தையல் இம்மியளவு நீளமாகிவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி போடுவாள்.

"இது ஏன்க்கா? யாருக்குத் தெரியப் போவுது?"

"அத்தாவோட மெஷின் இதப் பாத்தா வெக்கப்படணும்டி."

அவள் செய்த தவறு இதுதான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. மெஷினைத் தோற்கடிக்க வேண்டும் என்று மெஷினைவிடச் சீராகத் தைத்துவிட்டாள்.

வேலை முடிந்ததும் அதைப் பலகையில் ஒட்ட வேண்டும். எந்தப் படைப்பாக இருந்தாலும் பிளைவுட்டில் ஒட்டித்தான் தர வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. குமிழி வராமல் இருக்க, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைப் பலகை முழுக்கத் தடவி ஒட்டினாள். பின்பக்கம் இருந்த முடிச்செல்லாம் மறைந்துபோனதில் அவளுக்குச் சந்தோஷம்.

தேர்வு நாளன்று பலகையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னை அழைத்துப் போனாள். எனக்குப் பரீட்சை முடிந்து, ரிசல்ட் வராமல், வீட்டில் உட்கார முடியாத நேரம். கண்டக்டர், "இன்னாம்மா, கதவக் கழட்டிக்கினு வந்துகினு கீறீங்க?" என்று கேட்டார். அவரே கடைசி சீட்டுக்குப் பின்னால் இடம் ஒதுக்கியும் கொடுத்தார்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பெயர் உலகநாதன். சென்னைக்காரர், ஐம்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. மற்ற மாணவர்களிடம் பொறுமையாகத்தான் பேசினார். அக்காவின் பலகை முன்னால் வந்ததும் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க போட்டீங்க இத?"

"வூட்டுல சார்."

"வீட்டுல மெஷின் இருக்கா?"

"வூட்டுல இல்ல சார். அத்தா கடையில கீது."

ஞானம்பாள் மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கேட்ட கேள்விக்கு அக்கா சரியாகத்தான் பதில் சொன்னாள், ஆனால் அந்தப் பதிலோடு எல்லாம் முடிந்துவிட்டது. கையால் தைத்தேன் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. இப்போதே தைத்துக் காட்டுகிறேன் என்றாள். "உங்களுக்குத் தைக்கத் தெரியும்மா, நான் இல்லேங்கல. இதை நீங்க தைச்சீங்களாங்கிறதுதான் கேள்வி" என்றார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பார்த்தது சாயங்கால நேரங்களில் மட்டும். அதனால்தான் அப்படிச் சொன்னேன். "பாத்தீங்களா" என்பது போல மிஸ்ஸைப் பார்த்தார்.

அவர் ஒரு வழியும் சொன்னார். "வரைஞ்சது நீங்க, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. 'வரைபடம் என்னுடையது, தையல் மெஷின்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பாஸ் மார்க் போட்டுடறேன். இல்லன்னா இத ஏத்துக்க முடியாது, அடுத்த வருஷம்தான். சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு வர்றேன், யோசிச்சு வைங்க."

பொத்தேரி பக்கத்தில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனி, சாம்பிள் தைக்கும் பிரிவுக்கு அக்காவை எடுத்திருந்தது. ஜூன் மாதம் சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் அந்த வேலை இல்லை.

மிஸ் எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன்.

"எழுதிக் குடுத்துட்டு வா அக்கா. பேஜாரு வாணாம்."

"நானே கையெழுத்துப் போட்டு, மெஷின் தைச்சிச்சின்னு எழுதித் தர்றதா? எங்கத்தா ஆயுசுக்கும் கலாய்ப்பாருடி." சிரித்தபடி ஆரம்பித்தவள் சிரிப்பை முடிக்கவில்லை. "ஏழு மாசம் சங்கரி" என்றாள்.

அப்புறம் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அதன் ஓரத்தில் பாய் கடையில் போட்ட மஞ்சள் பூ. அதைத் திருப்பிக் காட்டினாள். மேலே மஞ்சள், அடியில் முழுக்க வெள்ளை நூல். மெஷினில் மேல்நூல் எந்த நிறமாக இருந்தாலும், அடியில் பாபின் என்கிற சின்ன உருளையிலிருந்து ஓடுவது ஒரே வெள்ளைதானாம். கையால் தைத்தால் மேலே என்ன நூலோ அடியிலும் அதே நூல்.

"பின்னாடி பாத்தா தெரிஞ்சிடும். உரிச்சிடலாம்."

"ஒரு மூலைய மட்டும் உரியேன்க்கா."

"மூலையில தையலே இல்ல. கொஞ்சம் உரிச்சுக் காட்டினா, மிச்சம் மெஷின்னு சொல்வாரு."

காய்ந்த பசையில் இழுத்தால் துணி கிழியும். தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். ஊற வைத்தால் அந்தச் சிவப்புப் புடவையின் நூலில் சாயம் போகும். நல்ல சிவப்பு தீர்ந்து, மார்க்கெட்டில் கிடைத்த நூலை வைத்து முடித்திருந்தாள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் பலகையைத் தூக்கிக்கொண்டு, மாணவர்கள் பிரஷ் கழுவும் தொட்டிக்குப் போனாள்.

முக்கால் மணி நேரம் ஊற வைத்தோம். மிஸ் முதலில் திட்டினார், பிறகு புடவையைச் செருகிக்கொண்டு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். வண்ணம் கலக்கும் தட்டைக் கத்தியை உள்ளே விட்டு அக்கா கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள், நான் துணியைத் தூக்கிப் பிடித்தேன். சிவப்பு இளகித் தண்ணீர்த் தையல்களுக்குள் இறங்கியது. ஏரியின் வலதுபக்கம் முழுக்க ஊதா கலந்த அழுக்கு நிறமாகிவிட்டது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

தேர்வாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஈரத் துணியை மேசைமேல் கவிழ்த்துப் போட்டோம். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

"வெள்ளையாத்தானே இருக்கு?"

"அது பசை சார்" என்று அக்கா பழைய துணியால் அழுத்தித் துடைத்தாள். ஊறிய பசை பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. அடியிலிருந்து நீலம் தெரிந்தது, எட்டு நீலமும். சின்னச் சின்ன முடிச்சுகள், ஒரு தையலிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே தாவிய நூல், பிரித்துப் போட்ட இடங்களில் ஊசித் துளைகள். கோரைக்கு அடியில் இரண்டு நீளமான தலைமுடி தையலோடு சேர்ந்து மாட்டியிருந்தது. பக்கத்தில் என் துப்பட்டாவைத் திருப்பி வைத்தாள். அவர் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலே ஒரு தையல், அடியில் ஒரு தையல் என்று வெகுநேரம் பார்த்தார்.

"முன்பக்கத்தைக் கெடுத்துட்டீங்களே."

"ஆமா சார்."

"இப்ப எப்படி இருக்கோ அதுக்குத்தான் நான் மார்க் போட முடியும்."

"போடுங்க சார். தாள்ல 'கையால் தைத்தது'ன்னு மட்டும் எழுதிடுங்க."

எழுதினார். நூற்றுக்கு ஐம்பத்து மூன்று போட்டார். தேற ஐம்பது வேண்டும். சாயம் போகாமல் இருந்திருந்தால் எண்பதுக்கு மேல் வந்திருக்கும் என்று மிஸ் பிறகு சொன்னார். தேர்வாளர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. போகும்போது, "அடுத்த தடவை ஒட்டாதீங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் துணியை எங்கள் இரண்டு பேர் மடியிலும் விரித்து வைத்திருந்தோம். எதிர் சீட்டு அம்மா, "சாயம் போயிடிச்சே பாப்பா, கடையில திருப்பிக் குடுத்துடு" என்றார். அக்கா "குடுத்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு, திருக்கழுக்குன்றம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் பாய் துணியை லைட்டுக்கு அடியில் வைத்துப் பின்பக்கம் பார்த்தார். "இத்தினி முடிச்சு. எம் மெஷினு இப்பிடிப் போட்டிருந்தா அன்னிக்கே காயலாங்கடைக்குத் தள்ளியிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு நாஸ்தா கதை பேசுவதை நிறுத்திவிட்டார்.

அக்கா இப்போது தினமும் ரயிலில் பொத்தேரிக்கு வேலைக்குப் போகிறாள். ஒரு வருஷம் ஆகிறது. ஆனால் மார்க்கெட்டில் இன்னும், "பாய் மெஷின்ல போட்டுக் குடுத்தாரு, பொண்ணு பாஸ் ஆயிடிச்சி" என்று பேசுகிறார்கள். கடைக்கு பிளவுஸ் கொடுக்க வந்த ஒருவர் பாயிடமே கேட்டுவிட்டார். "மெஷினுக்கு டிப்ளமோ குடுப்பாங்கன்னா மூணு வருஷம் நான் ஏன்யா ஃபீஸு கட்டினேன்?" என்று பாய் அவரை அனுப்பி வைத்தார். அக்கா கண்டுகொள்வதில்லை. என்னால் அப்படி இருக்க முடியவில்லை. நான் அன்று கூடத்தில் சொன்ன வரியைக் கேட்டுவிட்டு வெளியே போனவர்கள் இருந்தார்கள், பேச்சு அவர்களிடமிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். தொட்டியில் ஊற வைத்ததையும் மேசையில் கவிழ்த்ததையும் அவர்கள் பார்க்கவில்லை.

எல்லாத் தையலையும் நான் பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் உண்மைதான். ஆனால் எல்லாத் தையலின் அடிப்பக்கத்தையும் பார்த்தேன். செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், நீங்கள் இங்கே படித்ததை அவர்களிடம் சொல்லுங்கள். நேரம் இல்லையென்றால் அடியில் வெள்ளை நூல் இல்லை என்பதை மட்டுமாவது சொல்லுங்கள்.