டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு நாவல்

டயாலிசிஸ் வேலையில் ஊசி குத்துவதை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்; குத்தின பிறகு நாலு மணி நேரம் நோயாளிகளிடம் என்ன பேசுவது என்பது பதினாறு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. நம் மலேசியாவில் பொந்தியானிலோ வேறெங்கோ நாள் முழுக்க 'மிஸ்ஸி, மிஸ்ஸி' என்று கூப்பிடப்படும் நர்ஸம்மாக்களே, உங்களுக்குத்தான் இந்தப் பாடு புரியும்.

தராசு மேல் பழி

மெஷினில் போடுமுன் எடை பார்ப்போம். உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதில்தான் தெரியும். காதர் பாய் முப்பது வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் எச்சரித்தும், ஒரு நாள் நாலு கிலோ ஏறி வந்து நின்றார். "பாய், எத்தனை கிளாஸ் தே தாரிக் டீ?" என்றேன். தராசை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "ஒண்ணே ஒண்ணுதான் மிஸ்ஸி. உங்க தராசுக்குத்தான் தலை சுத்துது லா!"

ஏழாம் அத்தியாயம்

பக்கத்து நாற்காலி சரசக்கா நேர்மாறு. எடை குறைந்துகொண்டே வந்தது. ஒரே மகன், மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதிச் செத்துப்போய்விட்டான். மூன்று மாதமாக அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் ஊசி குத்தும்போது, "இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன் மிஸ்ஸி" என்றார். டயாலிசிஸை நிறுத்தினால் உயிர் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டாக்டர் பேசிப் பார்த்தார்.

டிவி கெட்டுப்போயிருந்த நேரம் அது. மெஷின்களெல்லாம் ஓட ஆரம்பித்ததும், பழைய புத்தகக் கடையில் வாங்கிய தமிழ்நாட்டு நாவல் ஒன்றை உரக்கப் படிக்கத் தொடங்கினேன். முன்கூட்டியே படித்துப் பார்த்திருக்கலாம். எங்கே, அவ்வளவு புத்தி இருந்தால்தானே! ஏழாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் மகன் கிணற்றில் விழுந்து சாகிறான். ஐயோ சாமி! சத்தம் போடாமல் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டி அடுத்த காட்சிக்குத் தாவினேன். கண்ணை மூடிச் சாய்ந்திருந்த சரசக்கா, மூடின கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஏன் தள்ளுறீங்க? படிங்க மிஸ்ஸி. அவ அதுக்கப்புறம் எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியணும்."

காதர் பாயின் கோபம்

படித்தேன். நான் அழுதேன், அக்கா அழுதார், காதர் பாய் ஊசி இல்லாத கையால் மூக்கைச் சிந்தினார். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை கதை முடிந்தது. கடைசி வரி இதுதான்: 'அன்று அவள் பசியாறினாள்.'

பாய்க்கு வந்ததே கோபம்! "என்னா பசியாறுனா? ரொட்டி சானாயா, தோசையா? அதச் சொல்லாம முடிச்சிட்டானே!" நம் ஊரில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடுதானே. "அங்கெல்லாம் அப்படி இல்ல பாய். பசி அடங்குச்சுன்னுதான் அர்த்தம்" என்றேன் பெரிய பண்டிதை மாதிரி. முதல் தடவையாகச் சரசக்கா சண்டைக்குள் வந்தார். "இல்ல மிஸ்ஸி, காலையிலதான். எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, அடுப்பப் பத்த வச்சு உக்காந்திருக்கா. அவ்வளோ அழுதவளுக்கு இதுவே பெரிசு லா."

திங்கட்கிழமை

புது மாதம். ஏழரைக்கு வரவேண்டிய சரசக்கா வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவருடைய நாற்காலிக்குத் துணி விரித்தேன், ஊசித் தட்டை எடுத்து வைத்தேன், மறுபடி போன் அடித்தேன். காதர் பாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டே காலுக்குக் கதவு திறந்தது. வாயோரம் தேங்காய்ச் சட்னியோடு அக்கா! கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் ஆசை, ஆனால் பயந்துபோன வாய் சும்மா இருக்குமா? "எங்கக்கா போனீங்க?" என்று கத்தியே விட்டேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நின்றார். "கத்தாதீங்க லா மிஸ்ஸி. பசியாற உக்காந்தேன், நேரம் போனது தெரியல."

நாவலை எழுதியவர் என்ன நினைத்து எழுதினாரோ தெரியாது, எங்கள் சென்டரைப் பொறுத்தவரை அந்தப் பெண் அன்று சாப்பிட்டது தோசைதான்.