பாலாம்பிகை அக்கா துளைத்த ஓட்டை

சென்ட் லோரன்டில் விமானங்களுக்கு வயர்க்கட்டுச் செய்யும் தொழிற்சாலையில், பதினொரு வருடமாக என் பக்கத்து மேசை பாலாம்பிகை அக்காவுடையது. வயது ஐம்பத்திரண்டு. வேலைக்கு மோட்டார்சைக்கிளில் வருவார். இதைக் கேட்டுப் புருவம் உயர்த்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. உயர்த்தியவர்கள் தயவுசெய்து இறக்கிவிட்டுத் தொடரவும்.

வண்டிக்கு நாற்பது வயது. ஹாண்டிலின் இடதுபக்கச் சிக்னல் சுவிட்ச் மழை கண்டால் படுத்துவிடும். புதிதாக மாற்ற ஒன்று எங்கு தேடியும் கிடைக்கவில்லை. போன ஜூனில், ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கணவர் தியாகராசாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். ஆற்றுப் பாலத்தில் மழை பிடித்தது. அக்கா லேன் மாறச் சிக்னல் போட்டார், எரியவில்லை. பின்னால் வந்த லொறி மயிரிழையில் விலகிப்போனது. வீடு திரும்பியதும் தியாகராசா அண்ணை ஹெல்மெட்டை அலுமாரிக்குள் வைத்து, "இனி நான் ஏறமாட்டன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அக்கா உடைந்துபோனார். இவருக்குப் பகல் வேலை, அவருக்கு இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமைச் சவாரி ஒன்றுதான் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த நேரம்.

"மழைக்கு அசையாத சுவிட்ச் ஒண்டு செய்யிறன். பேந்து ஏறாமல் எங்க போறார் எண்டு பாப்பம்," என்றார் என்னிடம்.

சாப்பாட்டு இடைவேளைகளில் வேலை நடந்தது. அலுமினியத் துண்டைக் குடைந்து கூடு செய்தார். சிக்னலுக்கு இரு பக்கமும் சாயும் சுவிட்ச், ஹோர்னுக்கு ரப்பர் மூடிய பொத்தான். தடித்த கையுறை போட்டாலும் விரலுக்குத் தெரியட்டும் என்று பொத்தானை மட்டும் சற்று உயர்த்தி வைத்தார். மூடியின் விளிம்பு, வயர் நுழையும் வாய் எல்லாவற்றையும் சிலிக்கன் பூசி அடைத்தார். ஷவருக்குக் கீழே ஒரு மணித்தியாலம் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

வண்டியில் பூட்டிய மூன்றாம் கிழமை சிக்னல் மறுபடி செத்தது. திறந்தால் உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர், செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. பகலில் சூடாகி இரவில் குளிர்ந்த கூட்டுக்குள் ஈரம் வியர்த்து இறங்கியிருக்கிறது; வெளியேற வழியில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் இந்தப் பிழையை விடுவார்கள். இடைவெளி கண்டால் அடை என்றே எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். நானும்தான் பக்கத்தில் நின்று ஆகா என்றேன்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, லாசாலில் அவர்கள் குடியிருப்பின் வண்டித் தரிப்பிடத்துக்குப் போனேன். களிம்பைச் சுரண்டி வண்டியில் திரும்பப் பூட்டிய கூட்டின் அடிப்பக்கத்தில் அக்கா ஊசித்துளை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணை எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"சுத்திவர அடைச்சுப்போட்டு, இப்ப நீரே ஓட்டை போடுறீர்?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஓமப்பா. ஈரம் எப்பிடியும் உள்ள வரும். வெளிய போக வழி விடவேணும்."

சொல்லிவிட்டு ட்ரில்லைக் கீழே வைத்தார். முகம் மாறியிருந்தது.

"இன்னொண்டு சொல்லவேணும். அண்டைக்குப் பாலத்துக்குப் போக முதலே சிக்னல் சரியில்லை எண்டு எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் வரமாட்டியள் எண்டு மறைச்சனான்."

அங்கே நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"எனக்கும் தெரியும்," என்றார் அண்ணை. "வெளிக்கிடேக்க சுவிட்சை மூண்டு தரம் தட்டிப் பாத்தனீர். நான் கண்டனான். லொறிக்குப் பயந்தே ஏறாமல் விட்டனான்? இல்லை. மூண்டு மாசமா நீர் வாய் திறப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"கண்டனீங்கள் எண்டால் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

அண்ணை திரும்பி மேலே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அக்கா அழுதுகொண்டே துளையின் பிசிறைத் துடைத்தார்.

படியில் காலடி கேட்டது. அண்ணை கையில் ஹெல்மெட்.

வானம் இருண்டுகொண்டு வந்தது. "மழை வரப்போகுது, அண்ணை," என்றேன்.

"வரட்டும்," என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார்.