இரண்டு ஜெப நேரம்

எடுத்த கையோடு படம் தரும் அந்தக் கேமராவின் வயிற்றிலிருந்து தாளை நேராக இழுக்க வேண்டும். கொஞ்சம் கோணினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இழுத்த பிறகு ஒரு நிமிடம் பொறுத்து மேல்தாளை உரித்தால், படம் ஈரப்பசையோடு வரும். அவசரப்பட்டால் வெளிறிப்போகும், மழைக் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பொறுக்க வேண்டும். கல்ஃபில் முதலாளி வேண்டாமென்று கொடுத்த பழைய பெட்டி அது. விடுப்பில் வந்த அத்தான் இதையெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பெட்டியை வைத்துவிட்டு, கையில் கட்டியிருந்த வாட்ச்சோடு விமானம் ஏறிவிட்டார்.

அக்காவும் நானும் மட்டும் இருந்த வீட்டில் வேறு கடிகாரம் கிடையாது. அக்கா அதற்கும் ஒரு வழி கண்டாள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நிதானமாக இரண்டு முறை சொன்னால் நேரம் சரியாக இருந்தது. கோழி, ஆடு, என் சடை, சபைப் பெண்கள் என்று எல்லாப் படங்களும் அந்தக் கணக்கில்தான் தெளிந்து வந்தன. "படம் எடுக்கியா, பிரசங்கம் பண்ணுகியா?" என்று நான் கேலி செய்வேன். அப்படி விளையாடியே தாளைத் தீர்த்தோம். ஒன்றே ஒன்று மிஞ்சியது. அடுத்தது அத்தான் அனுப்பினால்தான் உண்டு.

நெய்யாற்றின்கரைப் பக்கம் கொல்லயிலில் நாங்கள் இருந்த ஓலைக் குடிசை இன்னொருவர் தோப்பில் நின்றது. அப்படிக் குடிசை கட்டி இருக்கிறவர்களுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. அக்கா மனு கொடுத்திருந்தாள். அதிகாரி பார்க்க வருகிற அன்று குடிசை நிற்க வேண்டும். அதனால் சில தோப்புக்காரர்கள் முந்திக்கொண்டு குடிசையைப் பிரித்துப்போட்டு, இங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு வீட்டின் அடுப்புக்கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை என்று கேள்விப்பட்டோம்.

தூறல் விழுந்த ஒரு காலையில், தோப்புக்காரரின் காரியஸ்தர் நான்கு ஆட்களோடு வரப்பில் வருவதைப் பார்த்தேன். ஆட்கள் கையில் வெட்டுக்கத்தி. அக்கா கேமராவோடு முற்றத்தில் இறங்கி, குடிசையும் ஆட்களும் சேர்ந்து விழும்படி நின்று விசையை அழுத்தினாள். தாளை இழுத்தாள், நேராகவே வந்தது. பிறகு ஜெபத்தைத் தொடங்கினாள். அப்படியொரு வேகத்தில் ஜெபம் சொல்லி நான் கேட்டதில்லை. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மெதுவாகச் சொல் என்று கத்த நினைத்தேன். அதற்குள் அவள் உரித்துவிட்டாள்.

படத்தில் குடிசையும் இல்லை, ஆளும் இல்லை. செம்மண் கலந்த பால் மாதிரி ஒரு வெளிறல், அவ்வளவுதான்.

"எட்டி, அது என்ன பெட்டி?" என்றார் காரியஸ்தர்.

அக்கா படத்தைத் திருப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "கல்ஃப் கேமரா ஆக்கும். குடிசையும் உண்டு, ஒங்க மூஞ்சியும் ஒங்க ஆளுக்க கத்தியும் உண்டு. இன்னைக்கே நெய்யாற்றின்கரையில வக்கீலுக்க கையில குடுப்பேன்."

"காட்டு, பாப்போம்."

"கோர்ட்டுல பாத்துக்கிடுங்க."

அவர் ஓரடி முன்னால் வைத்தார். பிடுங்கிப் பார்த்தால் தீர்ந்தோம். அந்த நேரம், ஆட்களில் ஒருவர் கத்தியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அடுத்தவரும் அப்படியே செய்தார். காரியஸ்தர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். "மழை விடட்டு, வாறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எட்டு நாள் செத்துச் செத்துப் பிழைத்தோம். வரப்பில் மாடு நடந்தாலும் முற்றத்துக்கு ஓடிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் அதிகாரி வந்து, நின்றிருந்த குடிசையைப் பார்த்து எழுதிக்கொண்டார். பத்து சென்ட் எங்களுடையதாயிற்று. நான் துள்ளினேன், அக்கா துள்ளவில்லை. "மக்கா, ஜெபத்துல தீமையிலேருந்து காக்கணும்னு கேக்க எடத்த அன்னைக்கி ரெண்டு தடவையும் விட்டுப்போட்டேன்" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அந்த இடத்தில் இப்போது கான்கிரீட் வீடு நிற்கிறது. அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது. இருந்தவரை, ஆலயத்தில் எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகும், அவள் ஒருத்தி மட்டும் நின்று ஜெபத்தை முடித்துக்கொண்டிருப்பாள். என்ன பக்தி என்று சபையார் மெச்சுவார்கள். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும், தீமையிலிருந்து காக்கும்படி கேட்கிற இடத்தை அவள் நிதானமாக இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருப்பாள்.