மில் சுவரோரம் ஒரு தவக்கால வெள்ளி

என் மனைவி காலை நடைக்குப் போகத் தொடங்கியபோது, அவளுக்கு என்னென்ன ஆகக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். கேஸை மூடினேனா என்று படியிறங்கிய பிறகும் திரும்ப ஏறிப் போய்ப் பார்க்கிறவன். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து, மூடிக் கிடக்கும் பஞ்சாலையின் நெடுஞ்சுவர் வரைக்கும் அவள் போகப்போகும் வழியை முந்தின நாள் மாலையே நடந்து பார்த்துவிட்டேன். சாக்கடை மூடி எங்கே பெயர்ந்திருக்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, கறிக்கடை வாசலில் எந்தெந்த நாய்கள் படுத்திருக்கின்றன, பைக்குகள் எந்த மூலையில் வேகம் குறைக்காமல் திரும்புகின்றன என்பதையெல்லாம் டைரியில் எழுதி அவளுக்குப் படித்தும் காட்டினேன்.

“இவ்ளோ ஆபத்து இருக்கிற ஊர்ல இத்தினி வருஷமா எப்படிங்க உயிரோட இருந்தோம்?” என்றாள்.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் டாக்டர் நடக்கச் சொல்வார், அவள் சரி என்பாள், அதோடு முடிந்துவிடும். தெருவில் பாதிப் பெண்களின் கதை அதுதான். எங்கள் பகுதி சுகாதார நிலையத்து நர்ஸம்மா இதை வேறு விதமாக யோசித்தார். நடங்கள் என்று சொல்வதை விட்டுவிட்டு, ஏன் நடப்பதில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். இருட்டு, நாய், தனியாகப் போக வெட்கம், குழாயில் தண்ணீர் வருகிற நேரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒரு அம்மா மட்டும், “நான் வெளிய போனா அந்த மனுஷன் டீ இல்லாம செத்துடுவாரு” என்றாராம்.

அதற்கு ஏற்றபடியே நர்ஸம்மா ஏற்பாடு செய்தார். தண்ணீர் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். தெருவின் கடைசி வீட்டுப் பெண் முதலில் கிளம்பி அடுத்த வீட்டு வாசலில் நின்று கூப்பிட வேண்டும். இருவருமாகச் சேர்ந்து அதற்கடுத்த வீட்டில் கூப்பிட வேண்டும். வாசலில் ஒரு கூட்டமே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது, வரவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. மில் சுவரோரம் நடைபாதை அகலமாக இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தார். மின்துறைக்கு நடையாய் நடந்து விளக்குகளையும் எரிய வைத்தார்.

தொடங்கிய நாளில் தெருமுனையில் நின்று ஓர் எச்சரிக்கையும் சொன்னார். நடக்கும்போது யாருக்காவது குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தாறுமாறாகப் போனால் உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே இனிப்பாக ஏதாவது கொடுங்கள் என்றார்.

“சுகர்காரிக்குச் சக்கரையா? அப்ப நான் தினமும் நடுங்கறேன் நர்ஸம்மா, ஜிலேபியா குடுங்க” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள், என்னை அண்ணா என்று கூப்பிடுபவள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் எச்சரிக்கை கரைந்துபோனது. தள்ளி நின்ற நான் மட்டும் வீட்டுக்குப் போய் அதை டைரியில் எழுதிக்கொண்டேன்.

நடை நன்றாகத்தான் போனது. என் பயமும் கூடவே போனது. அவள் கிளம்பிய நேரத்திலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது. தெருவில் பிரேக் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்குப் போய்விடுவேன்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் தவக்கால வெள்ளிகளில் ஒருசந்தி இருப்பார்கள். அன்று மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவரை தண்ணீர் மட்டும். என் மனைவி சிறுவயது முதல் விடாமல் இருந்து வந்தவள். டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்ததால் அந்த வருடம் இருக்கமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, பாலில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். அந்த வெள்ளிக்கிழமை நான் எழுந்து வந்தபோது, பால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. மாத்திரை டப்பாவில் அன்றைய அறை காலியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, எனக்குக் காபி போட அடுப்பில் பாலை வைத்தேன்.

பால் பொங்குவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அண்ணா, சீக்கிரம் வாங்க! அக்கா என்னாமோ மாதிரி பேசறாங்க. என்னையே யாருடி நீன்னு கேக்கறாங்க!”

கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினேன்.

மில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். குளிர்ந்த காலை நேரம், ஆனால் குளித்துவிட்டுத் துவட்டாதவள்போல நனைந்திருந்தாள். பெண்கள் சுற்றி நின்று முந்தானையால் விசிறினார்கள். நான் கையைப் பிடித்ததும் உதறினாள். கை சில்லிட்டு, வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“யாரு நீங்க? விடுங்க, தண்ணி வந்துடும்.”

இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபமாகப் பார்த்திருக்கிறாள், சலிப்பாகப் பார்த்திருக்கிறாள். யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்ததில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“ஹார்ட்டுதான், எங்க மாமாவுக்கும் இப்படித்தான் வேத்துச்சு” என்றார் ஒரு அம்மா. ஆட்டோ பிடிக்க ஒருத்தி ஓடினாள். எதிரிலிருந்த டீக்கடைக்காரர் ஒரு கிளாஸ் டீயோடு ரோட்டைத் தாண்டி வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அவரை மறித்தாள்.

“அய்யோ, அவங்களுக்கு சுகருப்பா! சக்கரை போட்ட டீயைக் குடுத்துக் கொல்லப் பாக்கறியா?”

“எனக்கு என்னாம்மா தெரியும்? சக்கரை இல்லாம வேற போட்டுத் தரேன்” என்று அவர் திரும்பினார்.

அப்போது எனக்கு நர்ஸம்மா சொன்னது ஞாபகம் வந்தது. வியர்வை, நடுக்கம், தாறுமாறான பேச்சு எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் சாப்பிட்டவளுக்கு எப்படிச் சர்க்கரை இறங்கும்? ஒருவேளை இது மாரடைப்பாக இருந்தால்? நான் கொடுக்கும் டீயே அவளை முடித்துவிட்டால்? ரோட்டைத் தாண்டப் போனவரை நிறுத்தி, அந்த டீ கிளாஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். பயந்தபடியே கிளாஸை அவள் வாயருகே கொண்டு போனேன். அவள் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கூடாது. இன்னிக்கு ஒருசந்தி.”

அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு நடக்க வந்திருக்கிறாள்.

“இன்னும் சக்கரை போடுங்க, அள்ளிப் போடுங்க!” என்று டீக்கடைக்காரரிடம் கத்தினேன். அவர் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்து அள்ளிப் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண் என் தோளைப் பிடித்து இழுத்தாள். “அண்ணா, வேணாண்ணா!” முதல் வாயை என் சட்டையில் துப்பினாள் மனைவி. தாடையைப் பிடித்துக்கொண்டு, விழுங்கு விழுங்கு என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு பெண்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். சாகிறவர் தலைமாட்டில் சொல்லும் அதே வேகத்தில் சொன்னார்கள். எனக்கு அது இன்னும் கிலியைக் கிளப்பியது. நிறுத்தச் சொல்லவும் முடியவில்லை. நான் கொடுத்தது மருந்தா விஷமா என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை ஆட்டம் மெல்லக் குறைந்தது. அவள் என் சட்டையை உற்றுப் பார்த்தாள்.

“என்னாங்க, சட்டையெல்லாம் டீ?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் உதட்டை நக்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

“டீயா குடுத்தீங்க? ஒருசந்தி போச்சே!”

“உசுரு போறதுக்கு ஒருசந்தி போவட்டும், வாய மூடு அக்கா!” என்று பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டே திட்டினாள்.

ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸம்மா விரலில் குத்திப் பார்த்தார். இன்னும் குறைவாகத்தான் இருந்தது. மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், மறுபடி இறங்கலாம் என்று சொல்லி, ரொட்டி கொடுத்துப் படுக்க வைத்தார்கள்.

“சாப்பிடாதவங்க மாத்திரைய மட்டும் ஏம்மா போட்டீங்க?”

“மாத்திரை சாப்பாடாங்க? அது மருந்து. மருந்து போட்டா ஒருசந்தி முறியாது” என்றாள் மனைவி, நர்ஸம்மாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருவதுபோல். டம்ளரைக் கழுவி வைத்தது என்னை நம்ப வைக்கத்தான் என்பதையும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டாள்.

“உங்க தெருவுல இன்னும் யார் யாரு இப்படி இருக்காங்க?” என்றார் நர்ஸம்மா. எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வீடு வீடாக எல்லாவற்றையும் கேட்டவர், இதை மட்டும் கேட்கவில்லை. அவர் முகத்தில் என்னுடையதைப் போன்ற பயத்தை அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் கதவு திறந்தே கிடந்தது. பால் பாத்திரம் கருகி, சமையலறை முழுக்கப் புகை. அடுப்பை மூடிவிட்டு, “இனிமே நடையும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றேன்.

“வீட்டுல குந்திக்கினு இருந்தா சுகர் என்னை விட்டுடுமா? எங்கம்மாவும் சுகரோட குந்தியேதான் காலை இழந்துச்சு” என்றாள்.

கருகிய பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை சில வீட்டு வாசல்களில் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. நடந்தால் மயக்கம் வரும் என்று செய்தி பரவியிருந்தது. நர்ஸம்மா நேராகப் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தார். ஞாயிறு பூசை முடிவில் சாமியார் மைக்கில் சொன்னார்: மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒருசந்தி இருக்கக் கூடாது, அது பாவமல்ல, அவர்கள் வேறு எதையாவது விட்டுக்கொடுக்கலாம். “பாத்தியா, இதைத்தானே நானும் சொன்னேன்” என்று காதில் கிசுகிசுத்தேன். “நீங்க என்னா சாமியாரா?” என்றாள். அந்த வாரத்திலிருந்து வாசலில் நின்று கூப்பிடும் பெண்கள் பேரைச் சொன்னதும், “என்னா சாப்ட்ட?” என்றும் கேட்கிறார்கள். பதில் வந்த பிறகுதான் கதவை விட்டு நகர்கிறார்கள். மூடிய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

என்னால் மட்டும் வீட்டில் உட்கார முடியவில்லை. கல்கண்டு பொட்டலம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நானும் நடக்கிறேன்.

“அக்கா, பின்னாடியே ஒரு ஆளு வராரு. போலீஸைக் கூப்டட்டா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் தினமும் கேட்கிறாள். தினமும் சிரிக்கிறார்கள்.

நான் மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டு போகிறேன். நடந்தால் யாருக்கும் வியர்க்கும். ஆனாலும் அவள் ரவிக்கையில் ஈரம் படர்வதைக் கண்டதும் என் நடை வேகமாகிவிடுகிறது. என் செருப்புச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

“சாப்ட்டேங்க, பாலும் ரொட்டியும்” என்பாள், திரும்பாமலே.

அடுத்த விளக்குக் கம்பம் வரை அதை நம்புகிறேன்.