அப்பாவின் கெண்டையும் மாமாவின் வலையும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதன்பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டுதான். மீன்பிடி மன்றத்து மலருக்கு அம்மா எழுதித் தருவார் என்று மகன் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டு வந்துவிட்டான். எழுத்துப் பிழை இருக்கும். சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நடந்த கெண்டைப் போட்டிக்கு மகன் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். குளக்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். ஒருவர் பெரிய கெண்டை ஒன்றைப் பிடித்தார். அதை ஈரப் பாயில் குழந்தையைப் போலக் கிடத்தி, எடை பார்த்து, படம் எடுத்து, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிடிச்சத ஏன் லா விடுறாங்க?" என்று மகனைக் கேட்டேன். "இது சும்மா சிநேகிதத்துக்குப் பிடிக்கிறதும்மா" என்றான்.

சிநேகிதத்துக்கு என்று அவன் சொன்னதும் எனக்கு அந்தப் பழைய போட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதிலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கலாம், பத்தும் இருக்கலாம். தாப்பா போகும் பாதையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்த வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கல்யாணமாகி ஜெலாப்பாங்குக்குப் போனவர் ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். காரணம் பெரியதல்ல. அத்தை வீட்டுக்காரரான மாமாவின் தங்கை கல்யாணத்துக்கு எங்கள் அப்பாவை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பத்திரிகையை பஸ்ஸில் வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார்கள். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாததை அவர்கள் குற்றமாக எடுத்தார்கள். இரண்டு பக்கமும் பேசிய பேச்சில் அத்தை நடுவில் அகப்பட்டுக்கொண்டு, யார் வீட்டில் இருப்பது என்று தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன்பிறகு அப்பா சொன்னது, "கட்டுனவன் வந்து கூப்பிட்டா அனுப்புறேன்." அங்கே மாமா சொன்னதாகக் கேள்வி, "போனவள அவங்களே கொண்டாந்து விட்டா சேர்த்துக்கிறேன்." இருவரும் நல்லவர்கள்தான். முதலில் யார் அடியெடுத்து வைப்பது என்பதுதான் வழக்கு. இரண்டு வாசலும் திறந்தே இருந்தும் அத்தை எங்கும் போக முடியாமல் இருந்தார்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அத்தை என் பக்கத்தில்தான் படுப்பார். எனக்கு இரட்டைச் சடை பின்னி விடுவார். அவர் போகவே கூடாது என்றுதான் நான் சாமி கும்பிட்டேன். அத்தையும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிடுவார். இரண்டு பேரும் ஒன்றையேதான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்து மன்றத்தில் கேரம் விளையாடுவார்கள், பந்து விளையாடுவார்கள், ஞாயிற்றுக்கிழமையில் தூண்டில் போடுவார்கள். ஜெலாப்பாங்கிலும் ஒரு மன்றம் இருந்தது. அங்கே மாமாவும் ஒரு ஆள். அந்த வருடம் எங்கள் கிராணி இரண்டு மன்றத்துக்கும் ஒரு கெண்டைப் போட்டி வைக்கலாம் என்று கிளம்பினார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் வேலைக்கு வந்தவர்களின் பெயர் போடுகிறவர். அவர் கையில் தூண்டிலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்கு ஏன் திடீரென்று மீன் மேல் ஆசை வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்கு முந்திய வாரம் அவர் மனைவியும் என் அம்மாவும் அத்தையும் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து வெகு நேரம் பேசினார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது.

போட்டி சுண்ணாம்பு மலை அடியில் இருந்த பழைய ஈயலம்பத்துக் குட்டையில். ஈயம் தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம், தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. கெண்டைக்கு மட்டும்தான் கணக்கு. வேறு மீன் பிடித்தால் எடையில் சேராது. பிடித்ததை எல்லாம் கரையிலேயே குழம்பு வைத்து இரண்டு மன்றமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதனால் பெண்களும் போனோம்.

அன்றைக்குக் காலையில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார் அப்பா. சாமான்களைச் சாக்குப்பையில் போடுவது. மரவள்ளிக் கிழங்கை அவித்து ரொட்டியோடு பிசைந்த இரை, தூண்டிலுக்குக் கட்டும் நரம்புச் சுருள், கைவலை. கைவலை என்றால் பிரம்பை வட்டமாக வளைத்து வலை கோத்தது. தூண்டிலில் மாட்டிய மீனைக் கரைக்கு வந்ததும் கீழே இருந்து ஏந்தி எடுப்பதற்கு. அது இல்லாவிட்டால் பெரிய கெண்டை கடைசி உதறலில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். வலையை நான்தான் பைக்குள் வைத்தேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றது எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு.

லோரி வந்தபோது அத்தை கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. பெரிய மூட்டை.

"மீன் பிடிக்கப் போற எடத்துக்கு இது எதுக்கு அத்தை?"

"மழ வந்தா மாத்திக்கத்தான்."

"எல்லாச் சேலையுமா?"

"பெரிய மழ வந்தா?" என்றார் அத்தை. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குட்டைக்கரையில் யார் எங்கே உட்காருவது என்று சீட்டுப் போட்டார்கள். கிராணி ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எல்லாரையும் எடுக்கச் சொன்னார். அப்பா வந்தபோது மட்டும் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, "இந்தாங்க, உங்களுக்கு நானே எடுத்துட்டேன்" என்று நீட்டினார். அப்பா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். போய்ப் பார்த்தால் அப்பாவுக்குப் பக்கத்து இடம் மாமாவுடையது.

மாமா எங்களைப் பார்த்தார். அப்பா மலையைப் பார்த்தார். நான் மாமாவிடம் பேசலாமா கூடாதா என்று தெரியவில்லை. முன்பெல்லாம் வரும்போது மிட்டாய் வாங்கி வருவார். நான் சிரிப்பதற்குள் அப்பா, "ஏ புள்ள, தண்ணியப் பாரு" என்றார். மாமாவும் தண்ணீரைப் பார்த்தார்.

வெகுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. எதிர்க்கரையில் இடம் விழுந்த ஜெலாப்பாங் ஆட்கள் சின்னச் சின்னதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். "என்னாண்ணே, தோட்டத்து மீனு எல்லாம் வேலைக்குப் போயிருச்சா?" என்று கத்தினார்கள். எங்கள் ஆட்கள், "ஒங்க கரையில பூரா குஞ்சு, அதுங்கள ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்றார்கள்.

அப்போது அப்பாவின் தூண்டில் வளைந்தது. மூங்கில் தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வளைந்தது. அப்பா எழுந்து நின்று பிடித்தார். மீன் நடுக்குட்டைக்குப் போவதும், இழுத்தால் வருவதும், மறுபடி போவதுமாக இருந்தது. ஒரு தரம் முதுகைக் காட்டியது. என் சின்னத் தம்பி அளவுக்கு இருந்தது.

"வலைய எடு புள்ள."

சாக்குப்பைக்குள் கையை விட்டேன். வலை இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். இரையும் நரம்பும்தான் விழுந்தன.

"வலையக் காணோம்பா."

"நல்லாப் பாரு."

"காணோம்பா. வச்சேன்பா."

அடுப்புப் பக்கத்திலிருந்து அத்தை கத்தினார். "பக்கத்துல மாமாகிட்ட வாங்கு. ஓடு."

"போகாத" என்றார் அப்பா.

நான் இருவருக்கும் நடுவில் நின்றுவிட்டேன். ஓடு என்றவரும் பெரியவர், போகாதே என்றவரும் பெரியவர். மாமா தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் வலை அவர் கையிலேயே இருந்தது. ஆனால் வரவில்லை. எங்கள் மன்றத்து ஆள் ஒருவர் தன் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கிராணி குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"எடத்த விட்டு யாரும் வரக்கூடாது. ஒதவின்னா பக்கத்து ஆளு மட்டும்தான். அதுதான் விதி."

"இந்த விதி எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான்."

மீன் கரைக்குப் பக்கத்தில் வந்து வாலை அடித்தது. அப்பா மூங்கிலை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். "யாராச்சும் ஒரு வலை குடுங்களேன்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். யாராச்சும் என்றதற்கு மாமா அசையவில்லை. அத்தை கரண்டியைப் பிடித்தபடி நின்றார். ஒரு மீனுக்காக இத்தனை பேர் ஏன் இப்படி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. மீன் போனால் பழி என் மேல்தான்.

பிறகு அப்பா தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"மாப்பிள்ள."

அவ்வளவுதான் சொன்னார். மாமா செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"நரம்ப விட்டுக் குடுங்க மச்சான். விட்டுக் குடுங்க. இழுக்காதீங்க."

"விடுறேன், நீ அடியில எறக்கு."

"வாலு அடிக்குது மச்சான்."

"தலையப் பாத்துப் புடி மாப்பிள்ள."

இருவரும் இடுப்புவரை நனைந்து, வலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரைக்கு வந்தார்கள். இரண்டு கரையிலும் கை தட்டினார்கள். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எடை போடும்போது ஒரு சண்டை வந்தது. வலை அவருடையது, மீன் ஜெலாப்பாங் கணக்கில்தான் சேர வேண்டும் என்றார் அப்பா. தூண்டில் மச்சானுடையது, தோட்டத்துக் கணக்கில் போடுங்கள் என்றார் மாமா. எங்களுக்கு வேண்டாம், உங்களுக்குத்தான் என்று இருவரும் குரலை உயர்த்திக்கொண்டார்கள். அத்தனை மாதம் ஒரு வெற்றிலை பாக்குக்கு விட்டுக்கொடுக்காதவர்கள், அத்தனை பெரிய மீனை ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கடைசியில் கிராணி அது யார் கணக்கிலும் சேராது, சட்டியில்தான் சேரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதனால் போட்டியின் வெற்றிக் கப்பு ஜெலாப்பாங்குக்குப் போயிற்று. "இவங்க குடும்ப ராசிக்கு நம்ம கப்பு போச்சு லா" என்று எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் யார் முகத்திலும் கோபம் இல்லை. தோற்றவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கெண்டையை அத்தைதான் கழுவினார், அத்தைதான் குழம்பு வைத்தார், மாமாவுக்கு அவர்தான் இலையில் பரிமாறினார். மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். இதையே அப்பா அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கு முழுக்க வீட்டில் பாத்திரச் சத்தம்தான். அத்தையோ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் பார்த்ததே இல்லை.

சாயந்திரம் ஜெலாப்பாங் லோரி கிளம்பியது. மாமா முன்னால் ஏறினார். அத்தையும் ஏறினார். யாரும் என்னிடம் சொல்லவில்லை. அப்பா வேறு எங்கோ வேலை இருப்பது போல நின்றார். "பாத்துப் போங்க மாப்பிள்ள" என்று மட்டும் சொன்னார். அத்தையின் மூட்டையைத் தூக்கிக் கொடுக்கச் சொன்னார் அம்மா. நான் இரண்டு கையாலும் தூக்கினேன். சேலைகளுக்கு நடுவில் கையில் தட்டுப்பட்டது, கெட்டியாக, வட்டமாக, பிரம்பு. தடவிப் பார்த்தேன். வலைக்கண்ணும் விரலில் மாட்டியது.

அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். மூட்டையை வாங்கிக்கொண்டு என் சடையை ஒரு தரம் இழுத்துவிட்டார். லோரி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் காதில் சொன்னேன். "அம்மா, நம்ம வலைய அத்தை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு."

"பேசாம படு" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் அத்தை படுக்கும் பாய் சுருட்டி வைத்திருந்தது. அத்தையை நான் எவ்வளவு நல்லவர் என்று நினைத்திருந்தேன். சொந்த அண்ணன் வலையையே திருடுவாரா? மாமாவிடம்தான் ஒரு வலை இருக்கிறதே, ஒரு வீட்டுக்கு இரண்டு வலை எதற்கு? திருடிய பொருளைப் பற்றித் தெரிந்தும் அம்மா ஏன் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கை அணைத்தார்? அந்த வயதில் இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. அப்பாவோ கடைசிவரைக்கும் அந்த வலையை நான்தான் தொலைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஆமாம் என்று இருந்துவிட்டேன்.

அத்தை இப்போது குனோங் ராபாட்டில் மகனோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி சௌக்கியம். தீபாவளிக்குத் தீபாவளி போகிறேன். ஒவ்வொரு தடவையும் கேட்க நினைத்து, முறுக்கைத் தின்றுவிட்டு வந்துவிடுகிறேன். எனக்குக் கூச்சம்.

ஆகையால் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மன்றத்துப் பிள்ளைகள் யாராவது அவரிடம் போய் இதைப் படித்துக்காட்டிச் சரிபார்த்து வாருங்கள். குட்டை மலைக்கு எந்தப் பக்கம் இருந்தது, கப்பை யார் வாங்கினார்கள், இதெல்லாம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். வலை அவரிடம் இன்னும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் திருப்பி வாங்க வேண்டாம்.