மேலேறிய அருவி

நீங்கள் திருடிவிட்டீர்கள். சென்னையில் அந்தக் கலைக் கண்காட்சியை நடத்தும் உங்களைத்தான் சொல்கிறேன். என் மைனி செய்த இயந்திரத்தின் முன்னால் உங்கள் பெயரை வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், குற்றாலம் பக்கம் கண்டெடுத்த பழைய பொருட்களால் ஆனது என்று ஒரு வரி. கண்டெடுக்க அது ரோட்டிலா கிடந்தது? மேலகரத்தில் எங்கள் கொட்டகையிலிருந்து நாங்கள்தான் தூக்கி உங்கள் வண்டியில் ஏற்றினோம். அவள் பெயரைப் போடுவதாக அவளிடமே சொல்லித்தான் எடுத்துப் போனீர்கள்.

மைனி என் அண்ணன் மனைவி. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்றதும் ஓடாமல் கிடந்த ரைஸ் மில் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் படம் வரைய ஆரம்பித்தாள். சுவரெல்லாம் தவிட்டு வாசனை. சுரண்டைப் பக்கம் மூடிப்போன டூரிங் டாக்கீஸ் ஒன்றின் புரொஜெக்டர் தென்காசியில் பழைய இரும்புக்கடையில் கிடந்தது. அதையும் ஒரு சாக்கு நிறைய அறுந்த படச்சுருளையும் வாங்கி வந்தாள். மோட்டார் போயிருந்தது. கிரைண்டர் மோட்டாரை மாட்டினாள். படம் பிய்த்துக்கொண்டு ஓடி அறுந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, என் பழைய தையல் மெஷினின் மிதியை சைக்கிள் செயினால் அதில் கோர்த்தாள். "ஒன் காலுக்குத்தான் நிதானம் உண்டுட்டி, மிதி" என்றாள். ஊரில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்த கால் இது. மிதித்தேன். சீராக ஓடியது.

ஆனாலும் சுருள் காய்ந்து முறுக்கிக்கொண்டு அடிக்கடி ஒடிந்தது. ஒரு நாள் காலையில் நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த மைனி தரையில் உட்கார்ந்து, மடியில் படச்சுருளைப் போட்டு, தலைக்குத் தேய்த்தது போக மிச்சமிருந்த நல்லெண்ணெயை அதற்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குத் தலை தேய்ப்பது போல.

"மைனி, ஒங்களுக்கு கிறுக்கா புடிச்சிருக்கு? படத்துக்கு எவளாவது எண்ணெ தேய்ப்பாளா?"

"காஞ்சு போன மனுசனுக்கெல்லாம் எண்ணெ தேய்ச்சு அருவில நிப்பாட்டுதோம். இது என்னட்டி பாவம் பண்ணுச்சு?"

சுத்தத் தப்பு. தூசி ஒட்டும், லென்ஸில் தெறிக்கும் என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. விளக்கைப் போட்டு மிதிக்கச் சொன்னாள். சூட்டில் எண்ணெய் இளகித் துளித்துளியாக வழிந்தது. புரொஜெக்டரில் படத்தைத் தலைகீழாகத்தான் மாட்டுவார்கள்; லென்ஸ்தான் சுவரில் நிமிர்த்திக் காட்டும். அதனால் கீழே வழிந்த எண்ணெய் சுவரில் மேல்நோக்கி ஏறியது. படத்தில் வயலில் நடவு செய்யும் பெண்களின் முகங்களுக்கு மேல் ஒரு அருவி மெதுவாக வானத்துக்குப் போயிற்று. எனக்குக் கால் நின்றுவிட்டது. "மிதிட்டி" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த சீசன் முழுக்க ஈரத் துண்டோடு ஜனங்கள் வந்து நின்று பார்த்தார்கள். டீக்கடை அண்ணாச்சி, "என்னம்மா, ஒங்க அருவி மேல போவுது?" என்றார்.

"கீழ விழுததப் பாக்கணும்னா அங்கன மெயின் அருவிக்குப் போங்க அண்ணாச்சி. அத நான் செய்யல."

கூட்டம் சிரித்தது. இதை நான் செய்தேன் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள். அடக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. எதற்கு அடங்க வேண்டும்? அப்படி ஒன்றை யார் செய்தார்கள்? அவள் அருகில் உட்கார்ந்து மிதித்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் தலை நிமிர்கிறது.

உங்கள் கண்காட்சி திறப்பதற்கு முன்பே மைனி போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் பஸ் ஏறி வந்தேன். மேலேறும் அருவி உங்கள் கற்பனை என்று நீங்கள் மேடையில் பேசியதைப் பின்வரிசையில் நின்று கேட்டேன். பிறகு உங்களிடமே வந்து கேட்டேன். "அவங்க பார்ட்ஸைச் சேர்த்தாங்கம்மா, ஐடியா என்னோடது" என்றீர்கள். நீங்கள் குற்றாலத்துக்கு வருவதற்கு முன்பே அந்த அருவி எங்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். விளக்குப் பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு எனாமலில், தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். அந்த இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட். விரலால் தடவினேன். எழுத்துகள் அடியில் மேடாகத் தட்டுப்பட்டன.

எனக்குத் தனியாக போன் போட வேண்டாம். ஆள் அனுப்பவும் வேண்டாம். அதே மேடையில், அதே மைக்கைப் பிடித்து, அதே ஜனங்களுக்கு முன்னால் சொல்லுங்கள்: அந்தப் பெயரின் மேல் பெயிண்ட் அடித்தது யார்?